வெகுளி அல்லர் பஷீர்

ஜூலை 5 மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரின் நினைவு நாள். 1994-இல் அவர் மறைந்த அந்தத் தேதியைக் கேரளத்துப் பள்ளிக்கூடங்கள் ஆண்டுதோறும் விழாவாக நடத்துகின்றன. பிள்ளைகள் அவருடைய கதைமாந்தர்களான பாத்துமாவாகவும் மஜீதாகவும் சுகறாவாகவும் வேடம் கட்டுகிறார்கள். மாங்கோஸ்டீன் மரம், சாய்வு நாற்காலி, பழைய கிராமபோன், பக்கத்தில் பஷீராக ஒரு சிறுவன். ஓர் எழுத்தாளரைக் குழந்தைகள் தங்கள் வீட்டு மனிதராக நினைப்பது பெரிய பேறு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சாய்வு நாற்காலியைக் காட்டிப் பெரியவர்கள் வழங்கும் தீர்ப்போடுதான் எனக்கு வழக்கு.

அந்தத் தீர்ப்பு இதுதான்: பஷீர் ஒரு வெகுளி. பிறவிக் கதைசொல்லி. கலை நுட்பம் என்று எதையும் யோசித்தவரில்லை. வாழ்ந்ததை வாழ்ந்தபடியே எழுதிவைத்தார். அவருடைய சிரிப்பு துன்பத்தின் மேல் பூசிய தேன். அரசியலுக்கு அப்பாற்பட்ட மனிதநேயர்.

திருவனந்தபுரத்தின் தம்பானூரில் தமிழும் மலையாளமும் சேர்ந்தே புழங்குகின்றன. நாகர்கோவில் பேருந்தும் ரயிலும் வந்து நிற்பது இங்கேதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் சுருளாக எழுப்பிய இந்தியன் காபி ஹவுஸில் இரு மொழி வாசகர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இலக்கியம் பேசுவார்கள். வேறு எந்த எழுத்தாளரின் பெயரை எடுத்தாலும் மேஜை இரண்டுபடும். பஷீர் என்றதும் எல்லாரும் ஒரே குரலில் கனிந்துவிடுகிறார்கள். தமிழ் மேடைகளிலும் இதே கனிவைத்தான் கேட்கிறோம். குளச்சல் மு. யூசுப்பும் சுகுமாரனும் மொழிபெயர்த்துத் தந்த நூல்களால் பஷீர் இன்று தமிழ் எழுத்தாளர்களுக்கு இணையாகத் தமிழில் வாசிக்கப்படுகிறார். ஆனால் வாசகன் புத்தகத்தைத் திறக்கும் முன்பே தீர்ப்பு அவன் கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. பாராட்டாகச் சொல்லப்படுவதால் அதை யாரும் எதிர்ப்பதில்லை. நான் எதிர்க்கிறேன். அதன் ஒவ்வொரு பகுதியும் தவறு.

பஷீரின் நகைச்சுவை நாவல்கள் தெளிந்த திட்டத்தோடு கட்டப்பட்டவை. அவற்றின் நடுவில் இருப்பது கணக்கு. யார் கையில் எவ்வளவு காசு, யார் வயிற்றில் எவ்வளவு சோறு, யாருடைய பெருமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்ற கணக்கு. சிரிப்பு, அந்தக் கணக்கைக் கேட்பதற்கு அவர் தேர்ந்துகொண்ட வழி.

முதலில் அரசியல். தம்பானூருக்கு ரயில் நிலையம் வந்தது 1931-இல். ஏழு ஆண்டு கழித்து, 1938 அக்டோபர் 23 அன்று, திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் மீதான தடையை நீக்கக் கோரி அக்கம்மா செறியான் ஒரு பெரும் ஊர்வலத்தை இதே தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனை நோக்கி நடத்திச் சென்றார். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துத் தெருவில் மக்கள் நின்ற காலம் அது. அதே காலத்தில், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே கொச்சி ராஜ்யத்து எர்ணாகுளத்தில் இருந்துகொண்டு, அந்த ஆட்சியை எதிர்த்துப் பேனாவால் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் பஷீர். அந்த எழுத்துக்காகவே அவர் கைதானார். கொல்லம் போலீஸ் நிலையத்தில் நெடுநாள் அடைபட்டுக் கிடந்தார். பிறகு தண்டனை பெற்றுத் திருவனந்தபுரம் மத்திய சிறைக்கு வந்தார். தம்பானூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் பூஜப்புரையில் இருக்கிறது அந்தச் சிறை.

அது அவருக்கு முதல் சிறையும் இல்லை. வைக்கத்துக்கு அருகே தலயோலப்பறம்பில் 1908-இல், மரவியாபாரி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தவர். 1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சேரக் கோழிக்கோட்டுக்கு ஓடினார். கோழிக்கோட்டுப் போலீஸ் நிலையத்தில் அடி வாங்கினார். கண்ணூர்ச் சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் பகத் சிங்கின் வழியில் ஈர்க்கப்பட்டு, ‘உஜ்ஜீவனம்’ பத்திரிகையில் தீப்பறக்க எழுதினார். வாரண்ட் பிறந்தது. ஊரை விட்டுப் போனார்.

பஷீரின் நீண்ட ஊர்சுற்றலைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் கண் செருகுகிறார்கள். சூஃபிகளோடும் சந்நியாசிகளோடும் திரிந்தார், கப்பலில் கலாசியாக அரபு நாட்டுக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போனார், சமையற்காரர், கைரேகைக்காரர், காவலாளி என்று எத்தனையோ வேலை பார்த்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு கைது வாரண்ட் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஞானத் தேடலை மட்டும் சொன்னால் ஓர் அரசியல் தலைமறைவு ஆன்மிக யாத்திரையாகிவிடும். 1972-இல் மத்திய அரசு விடுதலைப் போராட்ட வீரர்களுக்குரிய தாமிரப் பத்திரத்தை அவருக்குக் கொடுத்தது. அரசுக்குத் தெரிந்தது அவருடைய ரசிகர்களுக்குத் தெரியவில்லை.

சிறைக்குள் அவர் எழுதியவற்றில் ஒன்று ‘பிரேமலேகனம்’. 1942-இல் எழுதி 1943-இல் வெளிவந்த சிறு நாவல். வங்கி ஊழியன் கேசவன் நாயர், வேலையில்லாத சாறாம்மாவைக் காதலிக்கிறான். அவள் வேலை கேட்கிறாள். என்னைக் காதலிப்பதுதான் வேலை, மாதச் சம்பளம் தருகிறேன் என்கிறான். அவளும் ஒப்புக்கொண்டு சம்பளம் வாங்குகிறாள். இந்துவும் கிறிஸ்தவளும் மணந்தால் பிள்ளைக்கு எந்த மதம், என்ன பெயர் என்று பேச்சு வருகிறது. சீட்டு எழுதிக் குலுக்கி எடுத்து ‘ஆகாசமிட்டாய்’ என்று பெயர் வைக்கிறார்கள். படிக்கும்போது வயிறு குலுங்கச் சிரிக்கலாம். திருவிதாங்கூர் அரசு 1944-இல் இந்தப் புத்தகத்தைத் தடை செய்தது.

அரசின் மனத்தில் என்ன இருந்தது என்று ஊகிக்க வேண்டாம். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வரதட்சிணை கொடுக்க வழியில்லாத பெண், மணமே இல்லாமல் வீட்டில் அவமானப்படுகிறாள். பெண்ணின் அன்பும் உழைப்பும் வீட்டுக்குள் கூலியில்லாமல் போகும் ஊரில் ஒருத்தி அன்புக்குக் கூலி வாங்குகிறாள். பிறக்கப்போகும் பிள்ளைக்குச் சாதியையும் மதத்தையும் பிறப்போடு ஒட்டிவிடும் பெயரை இருவர் சேர்ந்து மறுக்கிறார்கள். பெயரைக் கேட்டதும் ஆளை எடைபோடும் ஒரு ராஜ்யத்தில், எந்தச் சாதிக்கும் எந்த மதத்துக்கும் பிடிகொடுக்காத ஒரு பெயரை அவர்கள் வைக்கிறார்கள். இதை எழுதியவர் வெகுளி என்றால் தடை செய்தவர்கள் அவரைவிட நல்ல வாசகர்கள் என்றல்லவா ஆகும்?

அதே ஆண்டுகளில் உலகின் இன்னொரு மூலையில் இன்னொரு நகைச்சுவை நாவலாசிரியரும் அடைபட்டிருந்தார். பி.ஜி. வோட்ஹவுஸ். 1940-இல் பிரான்சில் ஜெர்மானியப் படையிடம் சிக்கி, மேல் சைலீசியாவில் டோஸ்ட் என்ற ஊர் முகாமில் இருந்தபோது ‘மணி இன் த பேங்க்’ என்ற நாவலை எழுதினார். முகாமின் குளிரும் அரைவயிற்றுச் சாப்பாடும் அந்த நாவலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஆங்கில மாளிகைகளின் தோட்டங்களில், பசியே அறியாத மனிதர்களின் குழப்பங்களில் அது ஓடுகிறது. வோட்ஹவுஸின் கலை பெரியது; தன்னைச் சூழ்ந்ததை வெளியே நிறுத்திவிட்டு அவர் சிரிக்கவைத்தார். பஷீர், தன்னை உள்ளே தள்ளிய சமூகத்தின் சட்டதிட்டங்களையே நாவலின் பாத்திரங்களாக்கிச் சிரிக்கவைத்தார். இரண்டும் இரண்டு வகை. இரண்டாவது வகையை முதல் வகைபோலப் படித்து, கவலை மறக்க ஒரு பஷீர் என்று சொல்வது அவரைப் படிக்காமல் இருப்பதற்குச் சமம்.

அடுத்து, கலை நுட்பம் இல்லாதவர் என்ற பேச்சு. 1951-இல் வந்த ‘முச்சீட்டு விளையாட்டுக்காரன் மகள்’, 1953-இல் வந்த ‘ஸ்தலத்தே பிரதான திவ்யன்’, ‘ஆனைவாரியும் பொன்குருசும்’ ஆகிய மூன்றும் ஒரே ஊரில் நடப்பவை. அந்த ஊரின் பெருமக்கள் யார்? ஒற்றைக்கண்ணன் போக்கர் என்ற சூதாட்டக்காரன், ஆனைவாரி ராமன் நாயர், பொன்குருசு தோமா என்ற திருடர்கள், மண்டன் முத்தபா என்ற ஜேப்படிக்காரன், ஊரில் எந்தப் பெண் கர்ப்பமானாலும் தானே காரணம் என்று முன்வரும் எட்டுகாலி மம்மூஞ்ஞு. இவர்களின் கதையைச் சொல்பவர் தன்னை எளிய வரலாற்றாசிரியர் என்று பணிவோடு அறிமுகப்படுத்திக்கொள்கிறார். போர், வெற்றி, வீழ்ச்சி, வம்சம் என்று அரச வரலாற்றுக்குரிய கம்பீரத்தோடு ஜேப்படிக்காரர்களின் வாழ்வைப் பதிவுசெய்கிறார்.

இது எங்கிருந்து வந்தது? திருவனந்தபுரத்தில் சி.வி. ராமன் பிள்ளை 1891-இல் ‘மார்த்தாண்டவர்மா’வையும், 1913-இல் ‘தர்மராஜா’வையும், பிறகு ‘ராமராஜபஹதூர்’ என்ற நாவலையும் எழுதி, திருவிதாங்கூர் அரியணையின் கதையை மலையாளத்தின் பெருங்காவியமாக்கிவிட்டார். மலையாள நாவல் தன் பெருமிதத்தைக் கற்றுக்கொண்டது அந்த அரண்மனை நடையில். நாகம் ஐயா 1906-இல் தொகுத்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் போன்ற அரசு வரலாறுகளும் மன்னர்களையும் திவான்களையும் வரிசைப்படுத்தின. பஷீரின் எளிய வரலாற்றாசிரியர் இவற்றின் எதிரே வந்து உட்கார்கிறார். வரலாற்றின் நடை முழுவதையும் எடுத்துக்கொண்டு, அதற்குள் வரலாற்றில் இடமே இல்லாதவர்களை ஏற்றுகிறார். தங்கச் சிலுவையைத் திருடிய தோமா, மரச்சிலுவையில் அறையப்பட்ட கர்த்தருக்குத் தங்கச் சிலுவை எதற்கு என்று கேட்கிறான். அந்தக் கேள்வி தேவாலயத்தோடு நிற்கிறதா? கோயில் நிலவறைக்கும் அரண்மனைக் கஜானாவுக்கும் அது பொருந்தாதா? ஒரு மொழியின் உயர்ந்த நடையை முழுவதும் கற்றுத் தேர்ந்தவனால்தான் அதைத் தலைகீழாக நிறுத்த முடியும். இந்த மூன்று நாவல்களும் அந்தத் தேர்ச்சிக்குச் சாட்சி.

எதிர்த்தரப்பினர் எப்போதும் நீட்டும் புத்தகம் ‘பாத்துமாவின் ஆடு’. 1959-இல் வெளிவந்தது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்ற நாட்களில், 1954-இல், எழுதியதை எழுதியபடியே திருத்தாமல் வெளியிடுவதாக முன்னுரையில் பஷீரே சொல்கிறார். போதாதா, வாழ்ந்ததை அப்படியே எழுதியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள மிக வலுவான வாதம் இதுதான். ஆகவே புத்தகத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம்.

ஓய்வு தேடித் தலயோலப்பறம்பு வீட்டுக்கு வந்த எழுத்தாளர், தாய், தம்பி தங்கைகள், அவர்கள் பிள்ளைகள், கோழி, பூனை, ஆடு என்று நிறைந்த ஒரு சின்ன வீட்டில் மாட்டிக்கொள்கிறார். கதை என்று பார்த்தால் எதுவும் நடக்கவில்லை. கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் காசு கைமாறுகிறது. எழுத்தாளர் தாய்க்கு ரகசியமாகக் கொடுத்த பணம் தம்பி அப்துல் காதரின் கைக்குப் போகிறது. யாராவது செலவுக்குக் கேட்டால் இன்னொரு தம்பி ஹனீபா மீண்டும் பட்டாளத்துக்கே போய்விடுகிறேன் என்று மிரட்டுகிறான். தங்கை பாத்துமா தன் ஆட்டின் பாலை விற்றுக் குடும்பத்தை நிமிர்த்த நினைக்கிறாள். அவளுடைய வீட்டுக்கு ஒழுங்கான கதவு இல்லை. பூட்டக்கூடிய ஒரு கதவு அவளுக்குக் கனவு. அந்த ஆட்டின் பாலை அவளுக்குத் தெரியாமல் வீட்டுப் பெண்களே கறந்து தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். உறவுக்குள்ளேயே கடன், கடனுக்காக வழக்கு மிரட்டல். கூட்டுக் குடும்பத்தின் பாசம் என்று நாம் பாடிக்கொண்டிருப்பதற்குள் எத்தனை திருட்டு, எத்தனை பேரம், எத்தனை சிறு கொடுமை இருக்கிறது என்பதை அணா பைசா சுத்தமாக அந்த நாவல் எழுதிவைக்கிறது. திருடுகிறவர்களை அது வெறுக்கவும் இல்லை. பால் இல்லாத வீட்டில் பிள்ளை வைத்திருக்கும் தாய் வேறு என்ன செய்வாள் என்பதும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது.

அந்த ஆடு என்ன செய்கிறது? எழுத்தாளரின் புதுப் பதிப்புப் பிரதிகளைத் தின்கிறது. முதலில் ‘பால்யகால சகி’, பிறகு ‘சப்தங்கள்’. பொறுத்துக்கொண்டு பார்த்திருந்தவர், விலை உயர்ந்த தன் கம்பளியில் அது வாய்வைத்ததும் ஓடிப்போய்த் தடுக்கிறார். மலையாள இலக்கியத்தின் முக்கியமான இரண்டு நாவல்களைவிட ஒரு கம்பளிக்கு மதிப்பு அதிகம் என்று அந்த இலக்கியத்தைப் படைத்தவரே காட்டும் இடம் இது. ஏழை வீட்டில் புத்தகத்தின் விலை என்ன, போர்வையின் விலை என்ன? எர்ணாகுளத்தில் தன் புத்தகங்களைத் தானே சுமந்து விற்றவருக்கு, புத்தகக் கடை நடத்திப் பார்த்தவருக்கு, அந்த விலை நன்றாகத் தெரியும். திருத்தாமல் வெளியிட்டார் என்பதாலேயே திட்டம் இல்லாமல் எழுதினார் என்று ஆகிவிடாது. இருபது ஆண்டு எழுதி எழுதித் தேய்ந்த கை, நோயிலும் தன் வேலையை மறக்கவில்லை. இந்த நூலுக்கு அவர் கொடுத்த மறுபெயர் ‘பெண்களின் புத்தி’. வீட்டுப் பொருளாதாரத்தை நடத்துவது யாருடைய புத்தி என்று தெரிந்தே அவர் அந்தப் பெயரை வைத்தார்.

துன்பத்தின் மேல் பூசிய தேன் என்ற உவமைக்கு வருவோம். இதைச் சொல்பவர்கள் ‘பால்யகால சகி’யை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். 1944-இல் வந்த அந்த நாவலில் சிறுவன் மஜீதிடம் ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று ஆசிரியர் கேட்கிறார். இரண்டு ஆறுகள் சேர்ந்தால் கொஞ்சம் பெரிய ஓர் ஆறாவதைப் பார்த்திருந்த மஜீத், கொஞ்சம் பெரிய ஒன்று என்கிறான். வகுப்பு சிரிக்கிறது, அவன் அடி வாங்குகிறான். கேரளத்தில் இந்த விடையை அறியாதவர்கள் குறைவு. மேற்கோள் காட்டி மகிழ்கிறோம். அதற்குப் பின் நாவலில் என்ன நடக்கிறது? மஜீதின் தந்தையின் சொத்துக் கணக்கு சரிகிறது. தங்கைகளின் வரதட்சிணைக் கணக்கு அவன் தலையில் விழுகிறது. சம்பாதிக்க வெளியூர் போனவன் ஒரு காலை இழக்கிறான். எங்கோ ஓர் ஊரில் ஓட்டலில் எச்சில் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது சுகறாவின் சாவுச் செய்தி வருகிறது.

தொடக்கத்தில் நாம் சிரித்த கணக்குதான் முழு நாவலும். மஜீதுக்கு ஒன்றும் ஒன்றும் சேர்ந்து பெரிய ஒன்றாக வேண்டும். ஊரின் கணக்கில் ஒன்றும் ஒன்றும் இரண்டு; இரண்டையும் சேர்க்க வரதட்சிணை வேண்டும்; அது இல்லாதபோது ஒன்றைக் கழித்துவிடலாம். பஷீர் அந்த நகைச்சுவையை முதலில் வைத்தது வாசகனை இளக்குவதற்காக மட்டும் என்றால், நாவல் இத்தனை இரக்கமில்லாமல் அதை எண் எண்ணாகப் பொய்யாக்கியிருக்காது. இங்கே சிரிப்பு எதையும் மூடவில்லை. பின்னால் வரப்போகும் கொடுமையின் அளவுகோலை முன்கூட்டியே நம் கையில் கொடுத்துவைக்கிறது.

1951-இல் வந்த ‘எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது’ நாவலிலும் இதே முறைதான். தன் தந்தைக்கு ஒரு பெரிய கொம்பன் யானை இருந்தது என்று குஞ்ஞுதாச்சும்மா வாழ்நாள் முழுவதும் பெருமை பேசுகிறாள். வழக்கில் சொத்து போகிறது, வீடு போகிறது, பெருமை மட்டும் போகவில்லை. அந்தப் பெருமை மகள் குஞ்ஞுபாத்துமாவை வெளியுலகம் தெரியாதவளாக, படிப்பில்லாதவளாக வைத்திருக்கிறது. முடிவில் தெருப்பிள்ளைகள் அந்த யானை வெறும் குழியானை, மண்ணில் குழி பறிக்கும் சிறு பூச்சி, என்று கத்துகிறார்கள். தன் சமுதாயத்தின் பழம்பெருமைப் பேச்சை, அந்தச் சமுதாயத்துக்குள்ளேயே நின்று இப்படி உடைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதைக் குழந்தைக் கதைபோல ரசித்துவிட்டுப் போகிறோம். குழியானை எல்லாச் சமுதாயத்தின் முற்றத்திலும் இருக்கிறது. நம் முற்றத்து யானையைப் பற்றி ஒருவர் இப்படி எழுதினால் அவரை வெகுளி என்று கொஞ்சுவோமா?

பூஜப்புரைச் சிறையை நேரடியாக எழுதிய நாவல் ‘மதில்கள்’. முதலில் 1964-இல் கௌமுதி வார இதழின் ஓணம் மலரில் வந்தது. 1990-இல் அடூர் கோபாலகிருஷ்ணன் அதைத் திரைப்படமாக்கினார்; நாராயணியாக கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும் வரும். மதிலுக்கு இந்தப் பக்கம் பஷீர், அந்தப் பக்கம் பெண்கள் சிறையில் நாராயணி. முகம் பார்க்காத காதல். அவர்கள் சந்திக்க வேண்டிய நாளில் விடுதலை உத்தரவு வருகிறது. விடுதலையே அவருக்கு வேண்டாத பொருளாகிவிடுகிறது. உலகின் அழகான காதல் கதைகளில் ஒன்று என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தக் காதலுக்கு முன்னால் நாவலில் ஓர் இரவு வருகிறது. மறுநாள் தூக்கில் போடப்போகும் ஒருவனுக்காகக் கைதியான பஷீர் தேநீர் போட்டுக் கொடுக்கிறார். அந்தப் பக்கங்களிலும் பஷீரின் குரல் கலகலப்பு மாறாமல்தான் பேசுகிறது. ரோஜாத் தோட்டம் போடுகிறவரும் அவர்தான், தப்பிக்கத் திட்டம் போடுகிறவரும் அவர்தான். மற்ற அரசியல் கைதிகள் விடுவிக்கப்பட்டபோது அவர் மட்டும் விடப்படவில்லை. எல்லாம் இழந்து அவர் நின்ற நேரத்தில்தான் மதிலுக்கு அப்பால் ஒரு பெண்ணின் சிரிப்புக் கேட்கிறது. கேட்டபோது கிடைக்காத விடுதலை, வேண்டாதபோது கையில் திணிக்கப்படுகிறது. ஒரு மனிதனின் நாட்களை எப்போது பிடுங்குவது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் உரிமை அரசுக்கு எங்கிருந்து வந்தது? காதல் கதையின் வடிவில் இந்தக் கேள்வியைக் கேட்டதால் அது கேள்வி இல்லை என்று ஆகாது.

இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் வாழ்ந்த ஊரை ஒட்டி வழங்கிய ‘பேப்பூர் சுல்தான்’ என்ற படிமத்தைப் பஷீரே விரும்பி வளர்த்தாரே என்பார்கள். மாங்கோஸ்டீன் மரத்தடி, கிராமபோனில் சைகலின் பாட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சுலைமானித் தேநீர், நேர்காணல்களில் வேடிக்கைப் பேச்சு. உண்மைதான், வளர்த்தார். பிற்கால எழுத்துகளில் சில அந்தப் படிமத்தின் நிழலில் தளர்ந்தும் போயின. அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஓர் எழுத்தாளரை அளக்க அவருடைய நாற்காலியைப் பார்ப்பதா, புத்தகத்தைப் பார்ப்பதா? 1947-இல் அவர் எழுதிய ‘சப்தங்கள்’ போரிலிருந்து திரும்பிய சிப்பாயின் கதை. தெருவோர வாழ்க்கை, பாலியல் நோய், பசி, கொலை என்று மலையாள வாசகர்களை அதிரவைத்தது. ஆபாசம் என்று திட்டு வாங்கியது. வெகுளிப் பாட்டனார் என்ற சட்டத்துக்குள் அந்த நாவலை எங்கே பொருத்துவார்கள்? பொருந்தாததால் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

மக்கள் அன்போடு நினைக்கிறார்கள், அதில் என்ன கெடுதல் என்றும் கேட்கலாம். கெடுதல் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு ஓர் ஒப்பீட்டால் சொல்கிறேன். புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30 அன்று இதே திருவனந்தபுரத்தில் காலமானார். ‘பிரேமலேகனம்’ வெளிவந்த அதே 1943-இல் அவருடைய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வந்தது. இரண்டும் சிரிக்கவைப்பவை. இரண்டும் கடவுளையும் காசையும் சமூகத்தையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பவை. புதுமைப்பித்தனின் சிரிப்பை நாம் கத்தி என்கிறோம், மேதைமை என்கிறோம், அங்கதம் என்கிறோம். பஷீரின் சிரிப்பை வெள்ளை உள்ளம் என்கிறோம். ஏன் இந்த வேறுபாடு?

காரணம் அவர் எழுதிய மனிதர்களிடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். படிக்காத முஸ்லிம் பெண்களின் அடுக்களைப் பேச்சை, திருடர்களின் சந்தைப் பேச்சை அவர் நாவலின் மொழியாக்கினார். அந்தப் பேச்சைக் கேட்டதும், பேசுகிறவர்களுக்கு அறிவு குறைவு என்று நம் காது முடிவுசெய்துவிடுகிறது. பிறகு அந்த முடிவை எழுதியவர் மேலும் ஏற்றிவிடுகிறோம். புதுமைப்பித்தனின் நெல்லைப் பிள்ளைமார் பேச்சு நம் காதில் நக்கலாக விழுகிறது. பாத்துமாவின் பேச்சு மழலையாக விழுகிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது நாவல் இல்லை, நாம்தான். அன்பின் பெயரால் ஒரு பெரும் அறிவாளியை அவருடைய சொந்த மக்களோடு சேர்த்துக் கீழே இறக்கிவைக்கிறோம். பணிவான புன்னகையோடு செய்யப்படுவதால் இந்தக் கீழிறக்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தமிழையும் மலையாளத்தையும் மொழியியலாளராக ஆராய்ந்த ஆர்.இ. ஆஷர், பஷீரின் மூன்று நாவல்களை ஆங்கிலமாக்கினார். எடின்பரோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1980-இல் அவற்றை வெளியிட்டது. இலக்கணம் எழுதும் அறிஞர் ஒருவர் அந்தப் பேச்சு நடையின் பின்னால் இருக்கும் கட்டமைப்பை மதித்து உழைத்தார். சாகித்திய அகாதெமி 1970-இல் தன் மிக உயரிய கௌரவமான நல்கையை பஷீருக்கு அளித்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவரை வெகுளி என்று அழைத்துக்கொண்டிருப்பது சோம்பல்.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த முறை ‘பாத்துமாவின் ஆடு’ படிக்கும்போது ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கத்தில் யார் யாரிடமிருந்து எதை வாங்கினார்கள், எதைப் பறித்தார்கள், எதை ஒளித்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். ‘பிரேமலேகனம்’ படிக்கும்போது அது எந்தச் சிறையில் எழுதப்பட்டது, யாரால் தடை செய்யப்பட்டது என்பதை மனத்தில் வையுங்கள். முன்னுரை எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் கண்ணூர், கொல்லம், திருவனந்தபுரம் என்ற மூன்று பெயர்களையும் மாங்கோஸ்டீன் மரத்துக்கு முன்னால் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு வேடம் கட்டிவிடும் ஆசிரியர்கள், அந்தச் சிறுவனின் கையில் ஒரு வாரண்டையும் கொடுக்கட்டும். குழந்தைகள் பயப்பட மாட்டார்கள். சிரித்துக்கொண்டே ஒருவர் அரசையும் தேவாலயத்தையும் தன் வீட்டுப் பெருமையையும் கேள்வி கேட்க முடியும் என்று தெரிந்துகொள்வார்கள். பஷீர் தன் வாசகர்களை அதற்குத் தகுதியானவர்களாகத்தான் நினைத்தார். நாமும் அவரை அந்தத் தகுதியோடு படிப்போம்.